ஊதா ஏறிய விளக்கு

டோனோபா, நெவாடா
1974 மே 9

அன்புள்ள ஆர்டித் அக்காவுக்கு,

வெல்டா எழுதுகிறேன். நலமா? உன் முழங்கால் வலி தேவலையா? சரி, விசாரிக்க வேண்டியதை விசாரித்தாகிவிட்டது. இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

என் பெண் ஜோலீன் ஆசையாக அனுப்பிய விளக்கின் கலர் போட்டோவைப் பார்த்துவிட்டு நீ போனில் சொன்னது என் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. "அம்மா குடுத்த ஜோடிக் கண்ணாடி விளக்கு ரெண்டும் தண்ணி மாதிரி இருக்கும். ஆளுக்கொண்ணுதானே எடுத்துக்கிட்டோம்? உன்கிட்ட இருக்கிறது ஊதா. அம்மா விளக்கை எவனுக்கோ வித்துத் தின்னுட்டு எனக்கா காது குத்துறே?" என்று கேட்டாய். ஜோடி சேராத விளக்கோடு என் விளக்கை வைக்க மாட்டேன், அவள் கல்யாணத்துக்கும் வர மாட்டேன் என்றாய். நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அந்த இரண்டையும் ஏற்றி விருந்து மேசை நடுவில் வைத்துத்தானே கல்யாணம் நடந்தது? பெரியம்மா வராமல் சர்ச்சுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று என் பெண் அழுகிறாள்.

நான் விற்கவில்லை அக்கா. வெயில் செய்த வேலை இது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அது மேற்கு ஜன்னலில்தான் இருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருக்க அந்தக் காலத்தில் மாங்கனீசு சேர்ப்பார்களாம். பாலைவன வெயில் பட்டுப் பட்டு அது ஊதாவாகிவிடும். இங்கே வேண்டுமென்றே பழைய பாட்டில்களைக் கூரை மேல் காயப்போட்டு நிறம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓஹியோவில் அலமாரிக்குள் பூட்டி வைத்தால் உன்னுடையது எப்படி மாறும்?

என் வீட்டுக்காரர் மெர்லிடம் புலம்பினேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பைபிள்ல கை வச்சுச் சொன்னாலும் உங்கக்கா நம்ப மாட்டா. விட்டுத் தள்ளு" என்றார். விட முடிகிறதா? ரொட்டி மாவில் போட்ட உப்பையே மறுபடியும் போட்டேன். ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தே கால் ஓய்ந்தது.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. விளக்கின் கழுத்தில் பித்தளை வளையத்தைச் சாந்து வைத்து ஒட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதற்குள் வெயில் போயிருக்காது. கழற்றினால் உள்ளே பழைய கண்ணாடி தெரியும். மெர்ல், "பைத்தியமா உனக்கு? தொடாதே, ஒடைஞ்சிடும்" என்றார். கேட்டேனா? சமையல் கத்தியால் சாந்தைச் சுரண்டி நெம்பினேன். வளையம் வந்தது. கூடவே கழுத்தும் உடைந்து வந்துவிட்டது.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா கைபட்ட ஒரே பொருள் என்னிடம் அதுதான். அழுது முடித்துக் கையிலிருந்த துண்டைப் பார்த்தால், வளையத்துக்குள் இருந்த மேல்பாதி தண்ணீர் மாதிரி அப்படியே இருக்கிறது. கீழ்ப்பாதி ஊதா. ஒரே கண்ணாடி, நடுவில் ஒட்டுக்கூடக் கிடையாது.

அதைப் பஞ்சில் சுற்றி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பார்த்துப் பிரி, கையைக் கிழித்துவிடும். உன் விளக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது யார் விளக்கு என்று நீயே சொல்.

இனி மேசையில் வைக்க உன்னுடையது ஒன்றுதான் மிச்சம். கொண்டுவர மனம் வந்தால் கொண்டுவா. மனம் வராவிட்டால் அது அலமாரியிலேயே இருக்கட்டும். நீ வா. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கோபம் ஆறாத, ஆனாலும் பஸ் நிற்கிற இடத்தில் வந்து காத்திருக்கப்போகிற உன் தங்கை,
வெல்டா