தள்ளாடுகிறார் என்று மட்டும்

அக்டோபர் 30, புதன்

காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை. டூட்டி முடிந்து நேரே தஞ்சாவூர் கோச்சிங் கிளாஸ். அயர்லாந்து நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சைக்கு இன்னும் பதிமூன்று நாள்.

இன்றைய வார்த்தை: அன்ஸ்டெடி (unsteady), நிலையாக இல்லாத. நடை சரியில்லாத பெரியவர் ஒருவரைப் பற்றி டாக்டருக்குக் கடிதம் எழுதச் சொன்னார் சார். நான் அவரைக் குடிகாரராகவே ஆக்கிவிட்டேன். சிவப்பு வட்டம்.

"குடிச்சார்னு யார் சொன்னா சிஸ்டர்? கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. காரணம் இந்த வார்த்தைல கிடையாது."

அக். 31, வியாழன்

அன்ஸ்டெடி எதற்கெல்லாம் வரும்? ஏணிக்கு வரும். மேஜைக்கும். முதல் ஊசி போடும் நர்ஸின் கை. அழப்போகிறவர் குரல். வோல்டேஜுக்கு? சாரைக் கேட்கணும். நமக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை. ஆடுது, நடுங்குது, தடுமாறுது. தள்ளாடுது என்றால் மட்டும் உடனே குடிதான் ஞாபகம் வருகிறது. எனக்காவது.

அப்பாவோடு பேசி மூன்று வாரம். வரப்பில் தள்ளாடி, நட்ட வயலில் விழுந்ததை ஊரே பார்த்தது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். "குடிச்சீங்களா?" என்றேன். வாயே திறக்கவில்லை. இனித் தொடமாட்டேன் என்று அம்மா சாகும்போது சத்தியம் செய்த மனுஷன். சோறு வைக்கிறேன், பேசுவதில்லை.

நவ. 2, சனி

கல்லறைத் திருநாள். மழை விட்டிருந்தது. அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி, செவ்வந்தி. காற்றில் மூன்று முறை அணைந்தது.

ஃபாதர் ஜெபம் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அப்பாவைப் பார்த்தேன். கண்ணை மூடியதும் ஆடினார், சிலுவையைப் பிடித்தார். திறந்தார், நின்றார். மறுபடி மூடினார், மறுபடி ஆட்டம். இது என்ன? பக்கத்தில் போய் நின்றேன். வாயில் காப்பி வாசனை, அவ்வளவுதான்.

பின்னால் அத்தை, அப்பாவின் தங்கை: "கல்லறைக்குமா குடிச்சுட்டு வர்றது?"

நான் பேசாமல் நின்றேன். வெட்கமாக இருக்கிறது.

நவ. 3, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். மூன்று வாரத்தில் முதல் பேச்சு: "கண்ணை மூடுங்கப்பா. எந்தக் கால்விரலைத் தொடுறேன்னு சொல்லுங்க."

மூடினார். காத்திருந்தார்.

"ம், தொடும்மா."

அவர் கட்டைவிரலை நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சர்க்கரையாக இருக்கும். கால் மரத்துப்போய் எத்தனை நாளோ. தரையைக் கண்ணால் பார்த்துத்தான் இத்தனை நாள் நின்றிருக்கிறார். செருப்பு கழன்றதே தெரியவில்லையாம்.

"ஏம்ப்பா சொல்லல?"

"காலுன்னா நீ இங்கேயே உக்காந்துடுவ. குடின்னா கோவிச்சுக்கிட்டாவது வெளிநாடு கிளம்பிடுவ."

அழுதேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

நவ. 4, திங்கள்

லீவு போட்டாச்சு. வாங்க வேண்டியது: அப்பாவுக்கு வார் வைத்த செருப்பு, பஞ்சு, டெட்டால். பரீட்சை எழுதுவேனா? இன்று தெரியவில்லை. எழுதச் சொல்லி பஸ் முழுக்க அப்பா நச்சரிப்பு.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் ரத்தப் பரிசோதனைக்கு டோக்கன் 41. வரிசையில் அத்தை, மூட்டுவலிக்கு வந்தவர். "குடியை நிறுத்த மருந்தாம்மா?"

"அப்பா குடிக்கல அத்தை. நான்தான் தப்பா நெனச்சேன். நான், நர்ஸு!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "மெதுவா சொல்லேன்ம்மா."

மாட்டேன். இன்னொரு தரம் சொன்னேன்.