எங்கிட்டயே தோக்கறவன்

இன்று உன் முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தபோது மூக்குப்பொடி வாடை அடித்தது. திரும்பிப் பார்க்காமலே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நம் பழைய ஆபீசர்தான். ஓய்வு பெற்றும் அதட்டல் குறையவில்லை. சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பையன் நல்லாத்தான் செஸ் ஆடுவான். ஆனா ஒரு நாளும் என்னை ஜெயிச்சதில்லீங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உன் தம்பி கையைப் பிடிக்காவிட்டால் என்ன செய்திருப்பேனோ! பூசைக்கு வந்த இடத்தில் சண்டை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டாமா?

சேலமும் தர்மபுரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் நீ கல்லூரியில் படித்தாய். அத்தனை பெரிய மாவட்டத்தில் உன் எதிரில் உட்காரவே ஆட்கள் பயந்தார்கள். பேராசிரியர்கள் தோற்றார்கள். கோவையிலிருந்து பந்தாவாக வந்தவனும் தோற்றுத்தான் போனான்.

படிப்பு முடிந்து நம் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்தாய். ஆபீசருக்குச் செஸ் பைத்தியம். முதல் நாள், டீ ஆறுவதற்குள் அவர் ராஜாவை மடக்கிவிட்டாய். மறுநாள் நீ எழுதிய ஃபைலெல்லாம் உன் மேஜைக்கே திரும்பி வந்தது. கடத்தூரில் கடலைக்காட்டில் நின்ற உன் அப்பா, விஷயம் தெரிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"பெரிய மனுசன் மனசு கோணாம நடந்துக்கடா சாமி. ஒரு ஆட்டம் தோத்தா வூடா இடிஞ்சிரும்?"

அன்றிலிருந்து மாலைதோறும் தோற்றாய். அவருடைய குதிரை வெட்டுகிற கட்டமாகப் பார்த்து யானையை வைப்பாய். "அய்யய்யோ, பாக்காம வுட்டுட்டனே சார்!" என்று தலையில் அடித்துக்கொள்வாய். அவர் ஒரு சிட்டிகை பொடியை இழுத்துவிட்டுச் சிரிப்பார். பிறகு நாம் இருவரும் டீக்கடையில் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

மெட்ராஸில் மாநிலப் போட்டிக்கு உன்னைக் கூப்பிட்டபோது அந்தச் சிரிப்பு நின்றது. லீவு கேட்டு நின்றாய். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்கிட்டயே தோக்கறவன், மெட்ராஸ் போயி என்னத்தக் கிழிக்கப் போற? போயி வேலையப் பாரு."

எவ்வளவு திமிர்! உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். நீ என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாய். "வுட்றா, வேலை பர்மனென்ட் ஆவட்டும்" என்றாய். உன் மேலும் எனக்குக் கோபம்தான். பொங்கலுக்கு ஆகும், தீபாவளிக்கு ஆகும் என்று அந்த மனுஷன் இழுத்தடித்தார். நீயும் விடாமல் தோற்றுக்கொண்டே இருந்தாய். உன் நல்ல வயசெல்லாம் அந்த மேஜையிலேயே போயிற்று.

அவர் ஓய்வு பெற்ற பிறகு சேலத்தில் ஒரு போட்டிக்குப் போனாய். நானும் கூட வந்தேன். முதல் சுற்றிலேயே ஒரு கல்லூரி மாணவனிடம் தோற்றாய். திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பஸ் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. நீ மெதுவாகச் சொன்னாய்:

"குதிரை வெட்டற எடத்துல யானைய வெச்சுட்டேன்டா. பழக்கத்துல வெச்சனா, நெசமாவே எனக்கு ஆட்டம் தெரியலையா? எனக்கே வெளங்கல."

குதிரை எப்படித் தாவும் என்பதற்கு மேல் அந்த ஆட்டம் எனக்குத் தெரியாது. காமாலை வந்து படுத்தபோதும் அதையே கேட்டாய். அந்த மனுஷன் ஜெயித்த நிம்மதியில் பொடி போட்டுக்கொண்டு நடமாடுகிறார். நீ, நிஜமாகவே தோற்றோமா என்று தெரியாமலே செத்துப்போனாய். இப்போது அந்தக் கேள்வி என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. பதில் சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்?