சாக்குக் கழிவு

பாக்கியம்,

நேத்து நீ சொன்னப்போ கத்திட்டேன். காலையில கடைத் தராசுல மறுபடி ஏறிப் பார்த்தேன். நீ சொன்னதுதான் நெசம். மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணி வயித்தைச் சின்னதாத் தச்சுவிட்டும், எறங்குன எடை திரும்ப ஏறிருச்சு.

ஏலக்கா மூட்டைக்குச் சாக்கு எடையைக் கழிக்கிற பழக்கத்துல, எனக்கும் வேட்டி சட்டைக்குன்னு கழிச்சுக்கிட்டே வந்திருக்கேன். எடை ஏற ஏறக் கழிவையும் கூட்டிட்டேன். இன்னைக்குக் கணக்குக்கு என் வேட்டியும் சட்டையும் ஆறு கிலோ. நீ அப்பவே கேட்ட: "சாக்கைக் கழிக்கிறீக, சரி. சரக்கு ஏறுதே, அதுக்கு என்ன சொல்றீக?"

மெட்ராஸ் டாக்டருக்கு டிரங்க்கால் போட்டேன். திட்டுவாகன்னு பயந்தேன், திட்டல. "தச்ச வயிறு தனியா ஒண்ணும் செய்யாது, கூட ஆள் வேணும்"னு சொன்னாக. மதுரையில சாப்பாட்டு முறை சொல்லித்தர ஒரு டாக்டரம்மா இருக்காகளாம். இன்னைக்கே போகணும். வீட்டுல சமைக்கிறவகளும் வரணுமாம்.

ஜெபக்கூட்டத்துல இருந்து வந்ததும் சேலையை மாத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு. முன்னாடி போய் ரெண்டு சீட்டுக்குத் துண்டு போட்டு வைக்கிறேன். ரெண்டும் எனக்கில்ல.

வரும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அன்னத்தாய் அக்காகிட்ட குடுத்துட்டு வா.

ஜெபமணி

பலகார அலமாரிச் சாவி என் பைபிளுக்கு அடியில இருக்கு. நான் கை வைக்காத எடம் அது ஒண்ணுதான். இனி அது உன்கிட்டயே இருக்கட்டும்.

இன்னொண்ணு. மதுரை பஸ் அல்வாக் கடைக்கு நேர் எதிர்லதான் நிக்கும். சீக்கிரம் வா.