மஞ்சள்காமாலை இல்லை என்று அம்மா சொன்ன நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே மூவரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீ நலமா என்று கேட்டால் நலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாயாம், அதனால் போன வாரம் தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்கச் சொல்கிறாள். கையெழுத்து ஏன் என்னுடையதாக இருக்கிறது என்றால், உன் படிவம் வந்த இந்தப் பதினைந்து நாளில் அம்மா நான்கு கடிதம் எழுதி நான்கையும் கிழித்துப் போட்டாள். நீ எழுது, உன் எழுத்துன்னா எனக்குக் கிழிக்க மனசு வராது என்றாள். சரி, ஆனால் நடந்ததை நடந்தபடி உண்மையாகத்தான் எழுதுவேன், இதை எழுதாதே என்று அம்மா சொல்வதையும் சேர்த்து எழுதுவேன் என்று சொன்னேன். நம்ம வக்கீலம்மா கோர்ட்டுக்குக் கிளம்பிட்டாங்க என்றார் அப்பா.

அடுத்த ஆறு மாத நர்சிங் பயிற்சிக்குக் கண் வார்டா மனநல வார்டா என்று கேட்டு, பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டு வந்திருக்கும் அந்தப் படிவத்தில் நீ மனநல வார்டுக்குக் குறி போட்டிருக்கிறாய். அம்மா அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். கண் வார்டுன்னா எல்லாரும் கட்டுப் போட்டுக்கிட்டு அமைதியா படுத்திருப்பாங்க, இவ சொட்டு மருந்து ஊத்திட்டு வந்துடலாம், அந்த வார்டு எதுக்கு என்பது அம்மாவின் கட்சி. அப்பா முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர் இல்லையா, அவ போய் வந்த வழி அது, தெரிஞ்ச வழியில போறவளை ஏன் நடுவுல இறக்கி விடறே என்றார். அம்மா பாத்திரம் கழுவப் போனாள், அன்று கழுவிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். ஆனால் அவளுடைய உண்மையான பயம் எனக்குத் தெரியும், நீ கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த அந்த வருடம் மறுபடி வந்துவிடுமோ, அப்படிப்பட்டவர்கள் நடுவிலேயே நாள் முழுக்க நின்றால் அது உன்னைத் தேடிக்கொண்டு வந்துவிடுமோ என்பதுதான். இதை எழுதாதேடி என்கிறாள். எழுதியாகிவிட்டது.

இனி செவ்வாய்க்கிழமை நடந்தது. நம் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் என் பள்ளிச் சீருடையை மூன்று வாரமாகத் தரவில்லை, எட்டிப் பார்த்தால் சட்டைக்கு ஒரு கை தைத்து வைத்திருந்தார், மறு கை இல்லை. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன் என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். அங்கே ஏற்கனவே மாடி வீட்டம்மா தன் திரைச்சீலைக்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். தையல்காரர் கழுத்தில் டேப்போடு, மிதியில் கால் வைத்தபடி, நூல் கோக்காத மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டைக்குத் திறந்த வாயை அம்மா மூடினாள், அக்கா, இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். யோசனை சொல்லக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று வகுப்பில் உனக்குச் சொல்லித் தந்ததாக முன்பு எழுதியிருந்தாயே, இதுக்குப் போய் மூணு வருஷம் படிக்கணுமா என்று அன்றைக்கு அம்மா சிரித்தாள். இப்போது, தம்பி, நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். கடைக் கடிகாரப்படி ஆறு நிமிடம். அம்மா விழித்திருக்கும்போது ஆறு நிமிடம் தொடர்ந்து பேசாமல் இருந்ததை நம் குடும்பத்தில் யாரும் கண்டதில்லை. நடுவில் இரண்டு தடவை யோசனை தொண்டை வரை வந்தது, தண்ணீர் இல்லாமலே மாத்திரை விழுங்குவது போல் விழுங்கினாள். பிறகு அவர், தெரியலைங்க, படுத்தா வரமாட்டேங்குது, எந்திரிச்சா கையே ஓடமாட்டேங்குது என்றார். அவருடைய மனைவி திரைக்குப் பின்னாலிருந்து வந்து நின்றார்.

அப்போதுதான் மாடி வீட்டம்மா, எல்லாம் சோம்பேறித்தனம், காலையில நாலு தெரு நடந்தா சரியாப் போயிடும் என்றார். அம்மா திரும்பி, எம் பெரிய பொண்ணுக்கும் இதேதாங்க வந்துச்சு, நடக்கச் சொல்லி நானும்தான் உயிரை எடுத்தேன், மூணு மாசம் ஆஸ்பத்திரியில இருந்து மாத்திரை சாப்பிட்டுத்தான் எந்திரிச்சா, இப்ப நர்சுக்குப் படிக்கிறா என்றாள். மஞ்சள்காமாலைன்னு சொன்னீங்களே என்றார் மாடி வீட்டம்மா. சொன்னேன், பொய் என்றாள் அம்மா. அப்ப நான் மூணு மாசம் எண்ணெயே இல்லாம சமைச்சுக் குடுத்தனுப்பினது என்று அவர் கேட்க, அதெல்லாம் எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாருங்க, பாவம் என்றாள். கடையில் யாரும் சிரிக்கவில்லை, தையல்காரர் மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, ஆனால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை அம்மாவே அவரையும் அவர் மனைவியையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு சின்ன வயது நர்சு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் எதுக்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், அவர் பேசும் வரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த அவர் சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா இதை அப்பாவிடம் சொன்னாள். நம்மவளும் இப்படித்தான் உட்காருவா என்றாள். அப்பா உடனே எழுந்து போய் அரிசி டப்பாவை நகர்த்தினார், முழங்கால் வலியே இல்லாதவர் போல. தையல்காரருக்கு இன்னும் குணமாகவில்லை, வாரா வாரம் போக வேண்டும், நான் போன வருடச் சீருடையில்தான் போகிறேன், மூச்சை இழுத்துப் பிடித்தால் பட்டன் போடலாம்.

அம்மா உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். ஒருவருடைய நோயைப் பற்றி அவரைக் கேட்காமல் வெளியே சொல்லக் கூடாது என்பது உங்கள் முதல் பாடமாமே, அவள் உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டாள். கோபம் வந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்வாளாம். மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதே. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அப்புறம் இதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன்: அது திரும்ப வந்தாலும் வரட்டும்டி, வந்தா தோத்துட்டேன்னு நினைச்சு மூடி வைக்காதே, ஒரு வரி எழுது, அடுத்த பஸ்ஸுல நான் வந்து நிப்பேன், இந்தத் தடவை நடக்கச் சொல்ல மாட்டேன்.

நீ எடுத்த வேலை உன் கைக்குப் படியட்டும், உன் கை பட்டவர்களெல்லாம் எழுந்து நடக்கட்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறார்கள். படிவத்தை இதோடு வைத்திருக்கிறோம், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஆபீசில் கொடுத்துவிடு. நீ குறி போட்ட இடத்தை அம்மா மாற்றவில்லை. கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியே போயிருக்கிறது, பேனா சரியில்லை என்கிறாள். பேனா நன்றாகத்தான் இருக்கிறது, அதே பேனாவால்தான் நான் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுதியது தங்கை)

கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று அடுத்து எழுதப் போனேன், அதற்குள் அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.