டாகுமெண்ட்ஸ் மெனுவில் ராஜி

2003 ஜூலை 7, திங்கள்

மழை. மட்டாஞ்சேரி முழுக்கச் சேறு, பேன்ட் முழங்கால் வரை. ஆபீஸில் சாயா நேரம். இந்த டைரி இங்கே மேசையில்தான். ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது.

நேற்று முழுக்க வீட்டு கம்ப்யூட்டரோடு. பத்திரிகையோடு வந்த சிடியில் ஒரு துப்புரவு சாப்ட்வேர். தாத்தா, அப்பா இரண்டு பேரும் முனிசிபாலிட்டியில் துப்புரவு. நான் கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியில். நாம் எந்த ஃபைலைத் திறந்தாலும் விண்டோஸ் அதன் பெயரை ரெஜிஸ்ட்ரியில் குறித்துக்கொள்கிறது. ஃபைலை அழித்தாலும் பெயர் போகாது. ஸ்டார்ட் அழுத்தி டாகுமெண்ட்ஸ் மெனுவுக்குப் போனால் வரிசையாக நிற்கும்:

ராஜி. ராஜி 2. ராஜி நியூ. ராஜி ஃபைனல்.

ராஜினாமாவை இங்கே மலையாளத்தில் ராஜி என்றுதான் சொல்வோம். எட்டு வருஷமாக மிளகுக்கும் சுக்குக்கும் ஏற்றுமதி பில் அடித்து அலுத்துவிட்டது. மானேஜர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சு விடுவதும் அலுத்துவிட்டது. கூடப் படித்த பென்னி இடப்பள்ளியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போடுகிறான், கூட வா என்கிறான். ஞாயிறானால் ராஜி அடிக்கிறேன். திங்களானால் கொடுக்காமல் பில் அடிக்கிறேன். பிறகு அழிக்கிறேன். மல்லிகாவுக்குத் தெரியக் கூடாது. மாப்பிள்ளைக்கு ஆபீஸ் உத்தியோகம் என்றுதானே அவள் அப்பா சங்கரன்கோவிலிலிருந்து இவ்வளவு தூரம் பெண் கொடுத்தார்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. குடை கம்பி ஒடிந்தது.

சாப்ட்வேர் தானாகத் துடைப்பது இன்டர்நெட்டில் போன தடம் மட்டும். மற்றதை நாமே சேர்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் எந்த இடம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதையும் துடைக்கும். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் சேர்த்தவை:

- டாகுமெண்ட்ஸ் மெனு
- வேர்டில் ஃபைல் மெனுவுக்கு அடியில் வரும் பெயர்கள்
- ஓபன் பெட்டியில் கீழே இறங்கும் பட்டியல்
- ஃபைண்டில் தேடிய சொற்கள்

அழித்த ஃபைல் இருந்த இடத்தில் மேலே மேலே எழுதி மூடுவதற்கும் ஒரு டிக். ஆன் செய்யும்போதெல்லாம் தானே ஓட இன்னொரு டிக். ரீஸ்டார்ட். மெனு காலி! பெரிய நிம்மதி. சோறு தின்று முடிப்பதற்குள் நிம்மதி போய், மறுபடி வந்து காலிதானா என்று பார்த்தேன்.

பென்னி போன். "எடா, நீ வருந்நுண்டோ இல்லயோ?" அடுத்த மாசம் வருகிறேன் என்றேன். போன மாசமும் அதையே சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

தப்புப் பண்ணிவிட்டேன். அந்த மெனு எனக்கு மட்டும் என்று நினைத்திருக்கிறேன், மடையன்.

மல்லிகா தோப்பும்படியில் கம்ப்யூட்டர் கிளாஸ் போகிறாள். ஃபைலை எங்கே சேவ் செய்தோம் என்று அவளுக்கு ஒருநாளும் தெரியாது. டாகுமெண்ட்ஸ் மெனுவில் பெயரைப் பார்த்துத்தான் திறப்பாள்.

"ஏங்க, என் வீட்டுப்பாடமெல்லாம் எங்க? இங்கனதான இருந்துச்சு?"

தேடி எடுத்துக் கொடுத்தேன். வைரஸ் என்றேன்.

"வைரஸு மெனுவ மட்டும் திங்குமோ?"

அவள் சிரிக்கவில்லை. இன்று டப்பாவில் அவியலில் உப்பு இல்லை.

ஜூலை 11, வெள்ளி

காலையில் ஷேவ் செய்யும்போது காதில் விழுந்தது. போனில் அவள் அக்காவிடம்:

"ராஜியாம்க்கா. போன வாரமே பாத்துட்டேன், நாலு தடவ இருந்துச்சு. ராஜி நியூ, ராஜி ஃபைனலுன்னு. தொறந்தா ஒண்ணும் வரல. இப்ப பேரையும் தொடச்சிட்டாரு."

முதலில் சிரிப்பு. பிறகு தாடையில் வெட்டு. ஆபீஸில் இரண்டு பில் தப்பு, மானேஜர் வாயைத் திறந்துவிட்டார். சாயங்காலம் சொல்லிவிட வேண்டும். சொல்லியே ஆக வேண்டும்.

ஜூலை 12, சனி

சொன்னேன். ராஜி பெண் இல்லை, ராஜினாமா லெட்டர் என்று.

"எங்கூர்ல ராஜின்னா ராஜேஸ்வரி. லெட்டருன்னா காட்டுங்க."

எதைக் காட்ட? அவ்வளவு சுத்தம். ஒரு எழுத்துகூட மிச்சம் இல்லாமல் நானே துடைத்தாயிற்று. இப்போதே அடித்துக் காட்டுகிறேன் என்றேன். "இப்ப அடிச்சா? நான் என்ன கூமுட்டையா?"

பக்கத்து வீட்டு சேச்சியைக் கூப்பிட்டு, மலையாளத்தில் ராஜி என்றால் என்ன என்று கேட்டாள். அந்த மகராசி ஒரே சந்தோஷமாக, "ராஜியோ? எண்டெ நாத்தூன்டெ பேரு ராஜின்னாணு!" அவள் நாத்தனார் பெயராம். போச்சு.

பென்னியைச் சாட்சிக்கு இழுத்தேன். கூட்டாளி சாட்சி செல்லாதாம்.

புதன்கிழமை அக்கா வருகிறாள், அவளோடு மல்லிகா ஊருக்குப் போகிறாள். பெட்டியில் சேலைகள். அவள் இல்லாமல் அந்த வீட்டில் எனக்கு ஒரு நாள் ஓடாது. இதை எழுத வருகிறது, அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. கோபமாக வேறு இருக்கிறது, யார் மேல் என்று தெரியாமல்.

ஜூலை 14, திங்கள்

இன்று வீட்டில் எழுதுகிறேன். டைரியை எடுத்து வந்துவிட்டேன்.

மழை இல்லை. ஆபீஸ் போனதும் உட்காராமல் ராஜி அடித்தேன், மானேஜர் பின்னால் இருக்கும்போதே. பிரிண்ட். நீட்டினேன்.

"எந்தா இது?" படித்தார். முகம் கறுத்தது. ஒரு மாசம் இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"வேண்டா. நாளெ முதல் வரண்டா." நாளை முதலே வர வேண்டாமாம்.

இன்னொரு நகலில் கையெழுத்தும் சீலும் கேட்டேன். எதற்கு என்றார். வீட்டில் காட்ட. பைத்தியமா என்று பார்த்தபடியே குத்திக் கொடுத்தார். பென்னிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. படகில் போகலாமா, நடக்கலாமா என்று படகு ஜெட்டி வரை போய், வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

மல்லிகா காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். சீல் குத்தியதை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மை கொஞ்சம் ஒட்டியது.

"அப்ப நெசமாவே லெட்டர்தானா?"

ஆமாம் என்றேன். முகம் அப்படியே தெளிந்தது. எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து. நான் சிரித்துவிட்டேன், அவளும். பிறகு காகிதத்தை மறுபடி பார்த்தாள்.

"அப்ப வேலை?"

போச்சு, நாளைக்குப் பென்னியின் கடைக்குப் போகிறேன் என்றேன். கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ராஜின்னு ஒருத்தி இருந்தா அவள நாலு கேள்வி கேட்டிருப்பேன். இதுக்கு யாரப் போயி கேக்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

சொல்லியிருக்கலாம். அதையாவது வாய்விட்டுச் சொன்னேன்.

எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"நாளைக்கு எத்தன மணிக்கு எழுப்பணும்?"