கோர்ட்டில் நெல் காய்கிறது

செப். 27, சனி

காலையிலிருந்தே நல்ல வெயில். மாவுக்கட்டுக்குள் தாங்கமுடியாத அரிப்பு. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உள்ளே விட்டுச் சொறிந்தேன். சொர்க்கம். டாக்டர் பார்த்தால் அடிப்பார்.

கட்டு போட்டு ஐந்தாவது வாரம். வலது பாதம், சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு. காலேஜ் பயிற்சியில் எம்பிப் பந்தைப் பிடித்து, இறங்கும்போது எங்கள் டீம் ஜமீலாவின் ஷூ மேல் இறங்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முதல் வாரம் போர்வை பட்டால்கூட உயிர் போனது. இப்போது சாயந்திரமானால் விண் விண்.

தஞ்சாவூர் ஹாஸ்டலை விட்டு பூதலூர் வீட்டில் கிடக்கிறேன். எல்லா சீரியலும் பார்த்தாயிற்று. எல்லா மாமியாரும் கெட்டவர்கள்.

மனசில் இருப்பதை எழுதித் தொலைக்கிறேன். அக். 11, 12 மண்டலப் போட்டி. எனக்குக் கடைசி வருடம். போன வருடம் ஃபைனலில் கடைசி நிமிடம் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் மறிக்கமாட்டார்கள், நின்று நிதானமாகப் போடவேண்டியது. இரண்டும் வெளியே. ஒரு பாயிண்டில் தோற்றோம். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. இந்த வருடம் அதைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இப்போது கால் தலையணை மேல்.

அப்பா எட்டிப் பார்த்தார். "கவி, சும்மாதானே கெடக்குற? கோர்ட்டுல நெல்லு காயுது. நாளைக்கு ஒரு சேரப் போட்டு உக்காந்து ஆடு வராமப் பாத்துக்கயேன்."

செப். 28, ஞாயிறு

வெயில். காவல் உத்தியோகம் ஆரம்பம்.

எங்கள் ஊர் பேஸ்கட்பால் கோர்ட், பஞ்சாயத்தில் சிமெண்ட் போட்டது. நான் ஆடக் கற்றுக்கொண்ட இடம். அறுப்பு வந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நெல்தான், கால் வைக்க இடம் இருக்காது. பத்தாவது படிக்கும்போது இதற்காக ஊரோடு சண்டை போட்டிருக்கிறேன். இன்று அங்கே கிடப்பது எங்கள் நெல், காவலுக்கு நான். நல்லா வேணும் எனக்கு.

குறுவை நெல், மிஷின் அறுப்பு, ஒரே ஈரம். கொள்முதல் நிலையத்தில் ஈரம் கூடுதல் என்று அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழையில் நனைந்தால் முளைத்துவிடும். அப்பா மனுஷர்களோடு பேசுவதை விட்டுவிட்டு வானத்தையே பார்க்கிறார்.

எதிர்வீட்டு ராணி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் நெல்லைக் காலால் துழாவிவிட்டுக்கொண்டே நடக்கிறார்கள். ஆறு நல்ல கால்கள். வயிற்றெரிச்சல்.

சும்மா உட்கார முடியவில்லை. பந்தை வரவழைத்து, சேரில் இருந்தபடியே வளையத்தைப் பார்த்து எறிந்தேன். பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் ஒரு கண்டுபிடிப்பு! வளையத்துக்குக் கீழே நெல் குவியல். பந்து துள்ளவில்லை, உருண்டு ஓடவில்லை, பொத்தென்று விழுந்து அங்கேயே கிடந்தது. நொண்டிக்கு வேறென்ன வேண்டும்.

அம்மா ஓடிவந்தார். "அடியே, நெல்லு மேலயா பந்தை எறியிற? லட்சுமிடி!"

"ராணி அக்கா மட்டும் காலால மிதிக்கிறாங்க?"

"அது வேலை."

ராணி அக்கா பந்தை எடுத்து என்னிடம் வீசினார். "இதுக்கா தஞ்சாவூர் வரைக்கும் போயிப் படிக்கிற? நல்லா காக்கா வெரட்டுற, போ."

50 எறிந்து உள்ளே போனது: 3.

செப். 30, செவ்வாய்

காலை வெயில், மாலை கூத்து (கீழே).

தோள் வலி. ஒரு விஷயம் புரிந்தது. நின்று போடும்போது பயத்தில் லேசாக எம்பி, பந்தைத் தள்ளிவிடுவேன். சேரில் எம்ப வழியில்லை. முழங்கை, மணிக்கட்டு, அவ்வளவுதான். பந்து உயரே போய்த்தான் இறங்கவேண்டும். மூன்று வருடம் கோச் மேடம் கத்தியது இதைத்தான்!

ராணி அக்கா எண்ணத் தொடங்கிவிட்டார். முதல் பந்து விழுந்ததும் "லாபம்!" என்றார். அடுத்தது "ரெண்டு." நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். இப்போது எல்லாம் மூட்டையும் தராசும்தான். ஆனாலும் நெல் நடுவில் நின்றால் அவர் வாயில் அதுதான் வருகிறது. தவறினால் திரும்ப முதலிலிருந்து.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு... அட போடி! எடு, மறுபடி லாபம்!"

50க்கு 19. விடாமல் போட்டது 6.

நாலு மணிக்குக் கல்லணைப் பக்கம் கருத்தது. ஐந்து நிமிடத்தில் காற்று. எல்லோரும் நெல்லைக் கூட்டி அள்ளிக் குவித்து, படுதாவை இழுத்தார்கள். நான் ஊன்றுகோலோடு நடுவில் நின்று எல்லோருக்கும் இடைஞ்சல்.

"கல்லு பத்தலைடி, நீ இந்த மூலையில உக்காரு!" ராணி அக்கா.

உட்கார்ந்தேன். மாவுக்கட்டில் பாலித்தீன் பை, தலையில் மழை. அரைமணி நேரம் படுதாவுக்குப் பாரம் நான். ஐந்து வாரத்தில் முதல்முறையாக ஒரு வேலைக்கு ஆனேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நெல் நனையவில்லை.

அக். 1, புதன், ஆயுத பூஜை

அரிவாள், மண்வெட்டி, அப்பா பைக், மிக்சி. வரிசையில் என் பந்து, ஊன்றுகோல், சிவப்பு பிளாஸ்டிக் சேர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மாவுக்கட்டுக்கும் பொட்டு வைக்க வந்தார் அம்மா.

"அது ஆயுதம் இல்லம்மா."

"ஒன்னைய ஒரு எடத்துல உக்கார வெச்சிச்சே, அதுக்காச்சும் வெக்கிறேன்."

பூஜையில் வைத்த பந்தை நாளைவரை தொடக்கூடாதாம். அநியாயம்.

மத்தியானம் ஜமீலா வந்தாள், அதிராம்பட்டினத்திலிருந்து. இரண்டு பஸ், ஒரு ரயில். அவள் உம்மா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டலாப்பம் ஒரு டப்பா. அம்மா கொடுத்த சுண்டல் இரண்டு கிண்ணம் தின்றாள். பிறகு கட்டைப் பார்த்துக் கண் கலங்கினாள், வழக்கம்போல.

"என் கால் மேலதானடி விழுந்த."

"ஆமா, ஒங்காலு படகு சைஸு. எங்க எறங்கினாலும் அதுமேலதான் எறங்கணும்."

அடித்தாள். பிறகு சொன்னாள்: "நீ இல்லாம எனக்கு ஆடவே பிடிக்கல கவி." எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் வட்டலாப்பத்தை வழித்துத் தின்றோம்.

அக். 3, வெள்ளி

கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொண்டார்கள்!! அப்பா பைக்கை நிறுத்தும்போதே பாட்டு முணுமுணுத்தார். வானத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எங்கள் நெல் போன இடத்தில் மத்தியானமே ராணி அக்கா நெல் வந்துவிட்டது. எனக்கு அதே சேர், அதே உத்தியோகம். பந்து அடித்த இடைவெளியில் ஆடு ஒன்று புகுந்து மேய்ந்தது. திட்டு வாங்கினேன்.

50க்கு 34. விடாமல் 11. ராணி அக்கா பதினொன்று சொல்லும்போது ஊரே கேட்டிருக்கும்.

அக். 6, திங்கள்

தஞ்சாவூர். கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சி மாதிரி, ஒரே நாற்றம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து டாக்டர்: "எலும்பு கூடிடுச்சும்மா. நிக்கலாம், மெதுவா நடக்கலாம். ஒரு மாசத்துக்கு ஓடவும் கூடாது, குதிக்கவும் கூடாது."

அப்படியானால் போட்டி இல்லை. தெரிந்ததுதான். ஆனாலும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அம்மா பார்க்காத மாதிரி வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

மாலை மேடம் போன். "பன்னெண்டாவது பேரா உன்னைத்தான் போட்டிருக்கேன். ஜெர்சி போட்டுட்டு பெஞ்ச்ல உக்காரு. கடைசி வருஷம், வெளிய நின்னு பாக்காத."

மேடம் நல்லவர். இனி திட்டமாட்டேன் (ஒரு வாரம்).

அக். 9, வியாழன்

நின்று போட்டேன்! கால் லேசாக நடுங்கியது, வலி பொறுக்கிற வலி. முழங்காலை அசைக்காமல், சேரில் இருப்பதாகவே நினைத்து. 50க்கு 41. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

அக். 11, சனி

மேகம். செமி ஃபைனல் ஜெயித்தோம். ஜமீலா பதினெட்டு பாயிண்ட். நான் பெஞ்சில் கத்தி, தொண்டை போயிற்று. இரண்டு பேருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அக். 12, ஞாயிறு

வேனில் எழுதுகிறேன், எழுத்து ஆடும்.

ஃபைனல். போன வருடம் ஜெயித்த அதே டீம். ஆறு வினாடி பாக்கி, 41–42, ஒரு பாயிண்ட் பின்னால். ஜமீலா வளையத்துக்குப் போகும்போது ஒரு முழங்கை அவள் மூக்கில். விசில். நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆனால் மூக்கில் ரத்தம். ரத்தம் வந்தவர் வெளியே போகவேண்டும், அவருக்குப் பதில் வருபவர்தான் போடவேண்டும். விதி அது.

மேடம் பெஞ்சைப் பார்த்தார். எல்லோரும் ஷூவைப் பார்த்தார்கள். போன வருடம் ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"மேடம், நான் போடுறேன்."

"டாக்டர் ஓடக் கூடாதுன்னுருக்காரு கவி."

"நிக்கத்தானே மேடம் போறேன்."

மூக்கில் பஞ்சோடு ஜமீலா: "அவ போடட்டும் மேடம்."

"போட்டதும் வெளிய வந்துடணும்," என்றார் மேடம்.

மெதுவாக நடந்து போனேன். அந்த டீம் பெண் ஒருத்தி, "போன வருஷ பொண்ணுதான்," என்று சிரித்தது காதில் விழுந்தது. கோட்டில் நின்றேன். வளையத்துக்குக் கீழே வெறும் தரை, நெல் இல்லை. முழங்கை, மணிக்கட்டு. முழங்காலை மறந்துவிடு.

போனது. வலையில் சத்தமே இல்லை.

"லாபம்," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நடுவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்தது வளையத்தில் பட்டது, ஒரு சுற்றுச் சுற்றியது, எனக்கு ஒரு வயது கூடியது, விழுந்தது. ரெண்டு!

காலைக் காட்டி நடுவரிடம் கேட்டு உடனே என்னை வெளியே எடுத்தார்கள். கடைசி ஆறு வினாடியை நான் பார்க்கவில்லை. ஜமீலாவின் ரத்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது. பிறகு அவள் என் காதில் கத்தியது கேட்டது.

43–42.

நான் குதிக்கக்கூடாது என்று என்னைச் சேரோடு தூக்கிவிட்டார்கள். அதுவும் சிவப்பு சேர்தான்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா அழுதார். அப்பா "கால் எப்படி இருக்கு?" என்று மூன்று தடவை கேட்டார். ராணி அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"எத்தனைடி போட்ட?"

"லாபம், ரெண்டு. அவ்வளவுதான்க்கா."

"அது போதும்டி. என் நெல்லயும் அள்ளியாச்சு. கோர்ட்டக் கூட்டி விட்டுட்டேன். தை அறுப்பு வரைக்கும் யாரும் கொட்ட மாட்டாங்க, நான் சொல்லிட்டேன். கால் சரியாவட்டும், வந்து ஓடு."