நைனாவின் விரல்

நவம்பர் 12, புதன் இரவு

என் சிநேகிதி மெர்சி திருப்பதி ஹாஸ்டலிலிருந்து அனுப்பிய மெசேஜையெல்லாம் வாட்ஸ்அப்பில் பூட்டித்தான் வைத்திருந்தேன். என் விரல் பட்டால்தான் திறக்கும் என்று நம்பினேன். ஆனால் இது அம்மாவின் போன். வாங்கிய அன்றே நைனா மூன்று பேர் விரலையும் பதிய வைத்தார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

சாப்பிட்டபின் அம்மா சர்ச் பாட்டைத் தேடும்போது பூட்டுப் படத்தைப் பார்த்துவிட்டாள். விரலை வைத்தாள், திறந்துவிட்டது. பரீட்சை முடிந்ததும் மாமாவுக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள், வெள்ளிக்கிழமை வார்டனிடம் சொல்லப்போகிறேன் என்று மெர்சி எழுதியிருந்தாள். அவள் அப்பா மிரட்டிய வாய்ஸ் மெசேஜும் அதில்தான் இருக்கிறது. பயந்துபோய்த் தன் போனில் அழித்துவிட்டாள். வார்டனிடம் காட்ட வேண்டும், நீ அழிக்காதே என்றாள்.

அவள் அப்பாவும் என் நைனாவும் ஒரே சபைக் கமிட்டி. நைனாவுக்குத் தெரிந்தால் வெள்ளிக்குள் அவளைச் சித்தூருக்கு இழுத்து வந்துவிடுவார்கள்.

"இன்னா அவ்ளோ நேரமா பாத்துக்கினு கீற?" என்று ஹாலிலிருந்து நைனா கேட்டார்.

"பாட்டு தேடிக்கினு கீறேன்," என்றாள் அம்மா.

படுக்கும்போதுதான் அம்மா என்னிடம், "நைனா விரல மட்டும் இதுலேர்ந்து எடுக்க முடியுமாடி?" என்றாள்.

"எடுத்தா காலையில போன் பாக்கும்போதே தெரிஞ்சிடும்மா."

அம்மா போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"கீழ வுழுந்து கெட்டுப்போச்சி. வெள்ளிக்கிழமை வரிக்கும்."

கண் எரிகிறது. அம்மாவும் தூங்கவில்லை.